பனிமலையில் ஒரு பேரம்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று எங்கள் ஆத்தா அடிக்கடி சொல்லுவாள். வெள்ளகோவிலில் பிறந்து வெள்ளகோவிலிலேயே வாழ்க்கைப்பட்ட எனக்குப் பனி என்றால் அவ்வளவுதான். விடிகாலையில் வாசல் தெளிக்கும்போது முக்காட்டை நனைக்கும். முருங்கைப் பூவைக் கொட்ட வைக்கும். எட்டரை மணி வெயில் வந்ததும், திருடன் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகும். அந்தப் பனியின்மேல் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்கலாம், அதற்குக் காசும் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், "காய்ச்சலா கண்ணு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

அப்படிப்பட்ட நான், 54-ஆவது வயதில், 2024 ஜனவரி மாதக் கடைசியில், இமயமலையில் உள்ள ஔலிக்குப் பனிச்சறுக்கப் போய் வந்தேன். இதற்கு என்னுடைய வீரதீரம் காரணமில்லை. என்னிடமுள்ள ஒரு கெட்ட குணமே காரணம்.

மலிவு என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கால் தரையில் பாவாது. வெள்ளகோவில் சந்தையில் என் தலை தெரிந்ததும், தக்காளிக்காரி விலையில் ஐந்து ரூபாயைக் கூட்டி வைத்துக்கொள்வாள் என்று என் நாத்தனார் கேலி செய்வாள். கூட்டின ஐந்தையும் குறைத்து, அதற்குமேல் இன்னொரு மூன்றையும் குறைத்து, கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் வாங்காமல் நான் நகருவதில்லை. பெங்களூரில் வேலையாயிருக்கும் எங்கள் மகனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவன் அந்த விளம்பரத்தை என் செல்போனுக்கு அனுப்பி வைத்தான்.

'நான்கு இரவு, ஐந்து பகல். மலைமேல் ஏரி. பனிச்சறுக்கு. தங்கல், சாப்பாடு உட்பட. தம்பதிகளுக்குப் பாதிக் கட்டணம்!'

முப்பத்தெட்டாயிரம் ரூபாய் என்று போட்டு, அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் பத்தொன்பதாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த அடித்த கோட்டிலேயே நான் விழுந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் மசியவில்லை.

"ஏனம்மிணி, சறுக்கி உழுகறதுக்கு அத்தனை தூரம் போகோணுமா? மழை பேஞ்சா நம்ம கெணத்து மேட்டுலயே சும்மா உழுகலாமே?"

"மழை பேஞ்சாத்தானுங்க மாமா?" என்றேன்.

அதற்கு அவரிடம் பதில் இல்லை. எங்கள் சீமையில் மழையைப் பற்றிப் பேசினால் யாரிடமும் பதில் இருப்பதில்லை.

இருபது மாதம் கட்டிய ஏலச்சீட்டுப் பணம் கையில் இருந்தது. எனக்கென்று நான் செலவழித்ததாக அதுவரை ஒரு கணக்கும் கிடையாது. ஏஜெண்டுக்கு நானே டெலிபோன் செய்து இன்னும் ஓராயிரம் குறைத்தேன். பதினெட்டாயிரம்! ஜெயித்துவிட்ட பெருமையில், கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டேன். 'அங்கே இப்போது பனி விழுந்திருக்கிறதா?' என்பதே அந்தக் கேள்வி.

ஈரோட்டில் ரயில் ஏறி டில்லி, அங்கிருந்து ஹரித்வார், பிறகு மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் மோட்டார்ப் பிரயாணம். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடிக் கங்கை என்று பெயர் எடுக்கிற இடத்தை எட்டிப் பார்த்தோம். ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு நதிக்கூடலாகக் கடந்து, பொழுது சாய்ந்தபின் ஜோஷிமட் சேர்ந்தோம். அந்த ஊருக்கு 2024 ஜூனில் ஜோதிர்மட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆதிசங்கரரின் மடம் உள்ள ஊர். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியபின் சங்கரரின் பீடம் இங்குள்ள நரசிம்மர் கோயிலுக்கு வந்து சேரும்.

ஔலி அதற்கு நேர் மேலே இருக்கிறது. சுமார் நாலு கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடத்தில் தொங்குகிற ரோப்கார் ஒன்று ஜோஷிமட்டிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போனபோதும் நின்றுதான் இருந்தது. அதனால் மறுநாள் காலை, ஜீப்பில் வளைந்து வளைந்து மேலே போனோம். காதை மூடிய குல்லாய், இரண்டு ஸ்வெட்டர், அதற்குமேல் மகன் வாங்கி அனுப்பிய பஞ்சு மூட்டை போன்ற கோட்டு, அடியில் நம் ஊர்ச் சேலை. இந்தக் கோலத்தில் நான் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன்.

பனியைக் காணோம்!

எதிரே நந்தாதேவி சிகரம், 7,816 மீட்டர், அம்மன் சிலைக்கு வெள்ளி அங்கி சாத்தினாற்போல் ஜொலித்தது. ஆனால் எங்கள் காலடியில் பழுப்பேறிய புல்தான் கிடந்தது. சறுக்குவதற்கென்று சீராக்கி வைத்திருந்த மலைச்சரிவு முழுவதும், சித்திரை மாதத்து மேய்ச்சல் காடு மாதிரி காய்ந்து கிடந்தது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஏஜெண்டுக்கு டெலிபோன் செய்தேன். "பனி விழுவது கடவுள் செயல், அம்மா. நிபந்தனையில் போட்டிருக்கிறோமே!" என்று பதில் வந்தது. பிற்பாடு பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். போட்டுத்தான் இருந்தது, எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில்.

*

நாற்காலி லிஃப்டில் ஏறி, விளம்பரத்தில் சொன்ன ஏரியையாவது பார்க்கலாம் என்று போனோம். அது கடவுள் கொடுத்த ஏரி அல்ல, மனிதர்கள் வெட்டியது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாம் பார்த்துப் பரவசப்படுகிற ஊட்டி ஏரியே, கோயம்புத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்ததுதானே! ஆனால் ஔலி ஏரியை வெட்டிய காரணம் வேறு. பனி பொய்த்தால் பனியை உற்பத்தி செய்வதற்காக வெட்டியிருக்கிறார்கள். ஏரித் தண்ணீரைக் குழாயில் அழுத்தி, காற்றோடு சேர்த்துப் பீரங்கி போன்ற யந்திரத்தால் மேலே பீச்சினால், குளிர் போதுமானதாக இருக்கும்போது அந்தத் திவலைகள் தரையைத் தொடுமுன் உறைந்து பனியாகக் கொட்டும். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் இங்கேயும் நடந்தன.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு மலைச்சரிவு முழுவதற்கும் யந்திரத்தால் வெள்ளையடிப்பது லேசான காரியமா? குளிர் வேண்டும், மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். கொட்டியதைப் பகல் வெயில் தின்னாமலும் இருக்க வேண்டும். நாங்கள் போனபோது யந்திரப் பனியும் இல்லை. ஏரி மட்டும் ஓரங்களில் கண்ணாடிச் சில்லுப்போல் உறைந்து, சும்மா கிடந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் வட்டமலைக்கரை அணை நினைவுக்கு வந்துவிட்டது. தண்ணீர் வரும் என்று நம்பிக் கட்டிய அணை. கால் நூற்றாண்டுக்காலம் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்து, 2021-இல்தான் பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீரைக் கண்டது. அங்கே அணை இருந்தது, தண்ணீர் இல்லை. இங்கே தண்ணீர் இருந்தது, பனி இல்லை. மனிதன் வெட்டி வைக்கலாம், வருவது வரவேண்டுமே!

இதையும் தெரிந்துகொண்டேன். நமக்கு வடகிழக்குப் பருவக்காற்று எப்படியோ, அப்படி அவர்களுக்கு மத்தியதரைக்கடல் பக்கமிருந்து மேற்கே கிளம்பி வரும் காற்றுச் சுழல்கள். அவை வந்தால் பனி. வராவிட்டால் வெறும் புல். அந்த ஜனவரியில் அவை ஏமாற்றிவிட்டன. 1901 முதல் உள்ள கணக்கில், வடமேற்கு இந்தியாவுக்கு அது இரண்டாவது மிக வறண்ட ஜனவரி என்று வானிலை இலாகா பின்னால் அறிவித்தது. முந்திய வருஷம், 2023 பிப்ரவரியில், ஔலியில் நடக்கவிருந்த தேசியப் போட்டிகளையே பனியில்லாமல் ரத்து செய்ய நேர்ந்ததாம்.

*

கீழே இறங்கியதும் ஒரு பையன் வந்து நின்றான். இருபத்திரண்டு வயசு இருக்கும். "மாதாஜி, கோர்சன் பக்கம் நிழலான இடத்தில் பழைய பனி இருக்கிறது. அழைத்துப் போகிறேன். பூட்ஸ், பலகை, பயிற்சி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு" என்றான்.

சின்ன வயதில் தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையில் பிராத்மிக், மத்யமா என்று பரீட்சை எழுதியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் போலும்! உடைந்த ஹிந்தியில் நான் ஆரம்பித்தேன். பனி இல்லை என்றேன். கூட்டம் இல்லை என்றேன். சுற்றிலும் கையைக் காட்டி, "என்னை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள், பார்" என்றேன். ஆயிரம், எண்ணூறு, எழுநூறு என்று இறங்கி, அறுநூறில் நின்றான். வீட்டுக்காரர், "எனக்கு வேண்டாம், நான் பார்க்கிறேன்" என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். இமயமலையில்கூடப் பேரத்தில் தோற்கவில்லையே!

பையன் இரண்டு பலகைகளையும், ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம் கனக்கிற பூட்ஸையும் முதுகில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினான். நாங்கள் வெறுங்கையோடு மூச்சு வாங்கிப் பின்னால் நடந்தோம். மூன்று கிலோமீட்டர் நடந்தபின், மரநிழலின் ஓரமாக, நம் களம் அளவுக்கு வெள்ளையாய் ஓர் இடம் தென்பட்டது. நான் சேலையை மடித்துக் கட்டிக்கொண்டு, மகன் அனுப்பிய கால்சட்டையை மாட்டினேன்.

பலகையைக் கட்டியதும் ஒன்று தெரிந்தது: என் கால்கள் என்னுடையவை அல்ல! நான் நிற்க நினைத்தால் அவை போக நினைத்தன. நான் இடது பக்கம் பார்த்தால் அவை வலது பக்கம் கிளம்பின. முதல் ஐந்து நிமிஷத்தில் நாலு தடவை விழுந்தேன். "முழங்காலை மடக்குங்கள், உடம்பை முன்னால் சாயுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் பலகை உங்களை விட்டுவிட்டு ஓடும்" என்றான் பையன். நிறுத்துவதற்கு ஓர் உபாயம் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பலகைகளின் முன்நுனிகளையும் ஒன்றையொன்று நெருங்கவிட்டு, குதிகாலை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்த வேண்டும். ஏர் முனை மண்ணைப் பிடிக்கிற மாதிரி பலகை பனியைப் பிடித்து, வேகம் அடங்கும். ஏர் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது.

பதினோராவது விழுகைக்குப் பிறகு அந்த அதிசயம் நடந்தது. ஒரு பத்துப் பன்னிரண்டு கஜ தூரம், நான் விழாமல் போனேன். நடக்கவில்லை, ஓடவில்லை, போனேன். காற்று முகத்தில் அடித்தது. அந்தச் சில விநாடிகளில் எனக்கு வீடு இல்லை, மாடு இல்லை, சீட்டுத் தவணை இல்லை, யாருக்கும் நான் அம்மாவும் இல்லை, ஆத்தாவும் இல்லை. முடிவில் உபாயத்தை மறந்து ஒரு புதரில் போய் நின்றேன். வீட்டுக்காரர் கை தட்டினார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் எனக்குக் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

*

நாங்கள் ஜோஷிமட்டில் தங்கியிருந்தது ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறிய விடுதி. வீட்டம்மாவுக்கும் என் வயதுதான். அன்று இரவு அடுப்பங்கரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும்போது சுவரைப் பார்த்தேன். கூரையிலிருந்து தரை வரை ஒரு விரிசல். அதைச் சிமெண்டு வைத்துப் பூசி, பூசின இடத்தில் பென்சிலால் தேதி எழுதியிருந்தது.

"ஏன் தேதி?" என்று கேட்டேன்.

"பூசினபின் மறுபடி விடுகிறதா என்று பார்க்க வேண்டாமா, தீதி?" என்றாள்.

2023 ஜனவரியில் அந்த ஊரில் பூமி இறங்கியது. 800-க்கு மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல் கண்டது. பத்திரிகையில் நாமெல்லாம் படித்தோம், மறந்தோம். பழைய மலைச்சரிவு மண்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது, பெரிய கட்டிடங்கள் தாங்காது என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எச்சரித்திருந்ததாம். அந்த அம்மாளின் வீட்டை ஆபத்துக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த வருஷம் பயந்துபோய் விருந்தாளி யாரும் வரவில்லை. இந்த வருஷம் பனி வரவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு பையன் உள்ளே வந்தான். தோளில் பலகைகள். என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த அம்மாளின் மகன்!

எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. மெதுவாகக் கேட்டேன்: "தம்பி, அறுநூறுக்கு ஏன் ஒப்புக்கொண்டாய்?"

"சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் இல்லையா, மாதாஜி?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரைதான் அவனுக்கு வருஷம். பலகைகள் வாங்கிய கடனுக்கோ பன்னிரண்டு மாதமும் வட்டி.

அந்த வார்த்தையை நான் இதற்கு முன் கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்ன, சொல்லியே இருக்கிறேன்! ஒரு வருஷம் எங்கள் முருங்கை கொள்ளாமல் காய்த்தது. ஊரிலே எல்லார் காட்டிலும் அப்படித்தான் காய்த்தது. கட்டுக் கட்டாகக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாத ஒரு விலையைச் சொல்லிவிட்டு வியாபாரி புன்சிரிப்பாய் நின்றார். சுற்றிலும் குவிந்து கிடந்த காயைக் கையால் காட்டினார். "காஞ்சு கருகறதுக்கு இது மேலுங்க" என்று நான்தான் சொன்னேன், வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன். வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. அந்தச் சிரிப்பை நான் பத்து வருஷம் திட்டியிருக்கிறேன்.

அதே சிரிப்பு அன்று காலை என் முகத்தில் இருந்திருக்கிறது. அதே கையால்தான் காலியான மலையைச் சுட்டிக் காட்டியிருக்கிறேன்.

மீதித் தொள்ளாயிரத்தை எடுத்து நீட்டினேன். பையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "பேசினது பேசினதுதான், மாதாஜி." எங்கள் ஊர்க்காரன் மாதிரி அதே ரோசம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போது எங்கள் வீட்டுக்காரர், ஹிந்தியில் ஒரு வார்த்தை அறியாதவர், எல்லாம் புரிந்தவர் மாதிரி சொன்னார்: "நாளைக்கு எனக்கும் சேத்திச் சொல்லு, அம்மிணி. நீ வாயத் தொறந்து வெல பேசாத."

மறுநாள் இரண்டு பேருக்கும் மூவாயிரம். ஐம்பத்தொன்பது வயதில், வேட்டி தவிர வேறு அறியாத மனிதர், கால்சட்டையோடு பலகைமேல் ஏறி நின்று, "வீரக்குமாரசாமி!" என்று கூவிக்கொண்டே போய் விழுந்த கோலத்தை நான் விவரிக்கப் போவதில்லை. குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறது. நான் கை தட்டினேன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

*

31-ஆம் தேதி வானம் மூடிக்கொண்டது. நரசிம்மர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். பொழுது இறங்கும் நேரம் பையனின் செல்போன் மணி அடித்தது. மேலே ஔலியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். அம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மேலே மலையைக் காணவில்லை. மேகம் மட்டும் இருந்தது. அவள் இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். வட்டமலைக்கரைக்குத் தண்ணீர் வந்த அன்று எங்கள் ஊர்ப் பெண்கள் கரைமேல் நின்ற நிலை அப்படியே!

எங்களுக்கு டில்லியில் ரயில் காத்திருந்தது. மறுநாள் விடிந்தபோது மலையின் மேல்பாதி முழுவதும் வெளுத்திருந்தது. விளம்பரத்தில் கண்ட படத்தைப் புறப்படுகிற நேரத்தில் கீழே நின்று பார்த்தோம், அவ்வளவுதான். பையன் விடியுமுன்பே பலகைகளோடு மேலே போய்விட்டானாம். விடைபெற்றுக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

வாசக சகோதரிகளில் யாருக்காவது ஆசை இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசாங்க ஸ்தாபனம் ஔலியில் 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்தி வருகிறது. காஷ்மீரத்துக் குல்மார்கில் 1927-லேயே பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இன்றைக்கு அங்கே பனி இருக்கிறதா? இல்லாவிட்டால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா? பலகை, பூட்ஸ், பயிற்சி எல்லாம் அந்தக் கட்டணத்தில் சேர்ந்ததா? சீசனில் பாதி விலை என்றால், மற்றப் பாதி எங்கே போயிற்று என்று யோசியுங்கள்.

நான் பேரம் பேசுவதை விட்டுவிட்டேனா என்றால், அதுதான் இல்லை. பிறவிக் குணம் ஒரு பயணத்தில் போய்விடுமா? தக்காளிக்காரியிடம் இன்னமும் சண்டை போடுகிறேன். ஆனால் இப்போதெல்லாம் கையைச் சுற்றிலும் காட்டிப் பேசுவதில்லை.

புறப்படும்போது அந்த அம்மாள் மகன் சொல்லிவிட்டுப் போன செய்தியைச் சொன்னாள்: "அடுத்த வருஷம் கட்டாயம் வரவேண்டுமாம். உங்களுக்கு எப்போதும் பழைய விலைதானாம்."

பழைய விலை என்றால் எது? ஆயிரத்து ஐந்நூறா, அறுநூறா? ஹரித்வார் வரும்வரை நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

"அதக் கேக்கறதுக்காகவே இன்னொருக்கா போயிட்டு வந்தரலாம் அம்மிணி" என்றார் எங்கள் வீட்டுக்காரர், இடுப்பைத் தடவிக்கொண்டே.

புதுச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன்.